மனசு இல்லையாம், அதான் எடை குறையலையாம்!

பொங்கல் விழா முடிஞ்சு நாலு நாளாச்சு. ஆத்திரம் இன்னும் அடங்கல. பேங்க்ல கஸ்டமர்கிட்ட ஆத்திரத்தைக் காட்ட முடியாது. வீட்டுல தங்கமணிகிட்ட காட்டினா ராத்திரி சோறு கிடைக்காது. அதனால இங்க வந்து கொட்டறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

நாங்க கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து மூணரை வருஷம் ஆகுது. லேக் மார்க்கெட் பக்கம் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து, தெரிஞ்ச தமிழ்க் குடும்பங்க எல்லாம் சேர்ந்து வருஷா வருஷம் பொங்கல் கொண்டாடறது வழக்கம். கோலப் போட்டி, பசங்க டான்ஸ், பெரியவங்களுக்கு உறியடி. இந்த வருஷம் புதுசா ஒரு 'ஆரோக்கிய உரை'யும் சேர்த்துட்டாங்க. பேச வந்தவர் ஏதோ ஒரு சத்துமாவு கம்பெனியோட ஏஜெண்ட். கம்பெனி பேரு வேண்டாம், எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதான். காலையில சோத்துக்குப் பதிலா ஒரு டம்ளர் மாவுக் கரைசல், ராத்திரி ஒரு டம்ளர். 90 நாள்ல 12 கிலோ போயிடுமாம். மாசம் ஏழாயிரம் ரூபாய்தான். முன்னால எடுத்த போட்டோ, பின்னால எடுத்த போட்டோன்னு திரையில ஓடிக்கிட்டே இருந்துச்சு.

அதுவரைக்கும்கூட சும்மாதான் இருந்தேன். விக்கிறவன் விக்கத்தான் செய்வான். நானும் இன்ஷூரன்ஸ் பாலிசி விக்கிறவன்தான். கேள்வி நேரத்துலதான் எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. மூணாவது வரிசையில ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், எழுந்து நின்னு தயங்கித் தயங்கிக் கேட்டாங்க. "ஆரம்பத்துல குறையுதுங்க. மூணு நாலு மாசத்துல அந்த மோட்டிவேஷன் போயிடுது. அதுக்கு என்ன பண்றது?" பேச்சாளர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "அம்மா, உங்களுக்கு மனசு இல்ல. மனசு இருந்தா இந்த உடம்பு இருக்காது." சபையில பாதி பேர் கை தட்டினாங்க. அந்த அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. பந்தியில சர்க்கரைப் பொங்கலைத் தொடவே இல்ல. பொங்கலன்னிக்கு!

கை தட்டின அந்தப் பாதி பேருக்குத்தான் இந்தப் பதிவு.

*

முதல்ல என் கணக்கை வெளிப்படையா வச்சிடறேன். நான் மதுரைப் பக்கத்து ஆளு. பி.காம். முடிச்சு 23 வயசுல பேங்க்ல சேர்ந்தப்ப 58 கிலோ. ஈரோடு, லக்னோ, ராஞ்சி, மும்பைன்னு சுத்தி கல்கத்தா வந்தப்ப 91 கிலோ. உயரம் 170 சென்டிமீட்டர். நடுவுல நாலு தடவை பெரிய லெவல்ல எடை குறைச்சிருக்கேன். லக்னோவுல 9 கிலோ, மும்பையில 11 கிலோ. நாலு தடவையும் போனது வட்டியோட திரும்பி வந்துச்சு. அப்ப எல்லாம் எனக்கு மோட்டிவேஷன் இல்லாம இருந்துச்சுன்னா நினைக்கிறீங்க? அண்டா அண்டாவா இருந்துச்சுங்க. விடியக்காலையில அலாரம், கண்ணாடியில ஒட்டின வாசகம், புது ஷூ, எல்லாம் இருந்துச்சு. இல்லாதது மோட்டிவேஷன் இல்ல.

எது இல்லைன்னு எனக்குப் புரிய வச்சது என் தொழில்தான்.

பேங்க்ல மார்ச் 31-ந் தேதி ஒரு கூத்து நடக்கும், வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும். டெபாசிட் டார்கெட்டை எட்டணும்னு தெரிஞ்ச பார்ட்டி காலில எல்லாம் விழுந்து ரெண்டு நாளைக்குப் பணம் போட வைப்போம். பேலன்ஸ் ஷீட் பளபளன்னு இருக்கும். ஏப்ரல் முதல் வாரத்துல அந்தப் பணம் வந்த வழியே போயிடும். 90 நாள்ல 12 கிலோங்கறது இதேதான். போட்டோ எடுக்கற அன்னிக்கு மட்டும் நிக்கற பேலன்ஸ். ஏப்ரல் மாசத்து போட்டோவை எந்த ஏஜெண்டாவது திரையில காட்டிப் பார்த்திருக்கீங்களா?

இது என் சொந்தப் புலம்பல் மட்டும் இல்ல. அமெரிக்காவுல 'தி பிக்கஸ்ட் லூசர்'னு ஒரு டிவி போட்டி, யார் அதிகமா எடை குறைக்கிறாங்கன்னு. அதுல 2009-ல கலந்துக்கிட்ட 14 பேரை ஆறு வருஷம் கழிச்சு மறுபடி சோதிச்சு, 2016-ல ஆய்வா வெளியிட்டாங்க. போட்டியில 30 வாரத்துல ஒருத்தர் சராசரியா 58 கிலோ குறைச்சிருந்தாங்க. ஆறு வருஷத்துல அதுல 41 கிலோ திரும்பி வந்துடுச்சு. அதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு. அவங்க உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கிற சக்தி, அந்த எடைக்கு இருக்கவேண்டியதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கம்மியா இருந்துச்சு. அதாவது உடம்பு பஞ்சம் வந்துடுச்சுன்னு பயந்து சிக்கனத்துல இறங்கிடுச்சு, ஆறு வருஷம் கழிச்சும் அந்தச் சிக்கனத்தை விடல. அந்த 14 பேருக்கும் மனசு இல்லைன்னு சொல்ல யாருக்காவது தைரியம் இருக்கா? ஊரே டிவியில பார்க்க வாந்தி எடுக்க எடுக்க ஓடினவங்க அவங்க.

*

இன்னொரு பேங்க் சமாச்சாரம். ஒரு கடன் வாராக்கடன் ஆயிடுச்சுன்னா, நாங்க வாங்கினவரை மட்டும் குத்தம் சொல்லிட்டுப் போயிட முடியாது. ஸ்டாஃப் அக்கவுண்டபிலிட்டின்னு ஒண்ணு வரும். கடனைப் பரிந்துரை பண்ணின ஆபீசரைக் கூப்பிட்டு, "அவர் சம்பளம் என்ன, நீ போட்ட தவணை என்ன? கட்ட முடியுமான்னு பார்த்தியா?"ன்னு துளைச்சு எடுப்பாங்க. முப்பதாயிரம் சம்பளக்காரருக்கு இருபத்தெட்டாயிரம் தவணை போட்டா அவர் மூணாவது மாசம் கட்டமாட்டார். அது அவர் மனசு சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல, போட்டவனோட முட்டாள்தனம்.

எடைக் குறைப்புல மட்டும் இந்த நியாயம் கிடையாது. ரெண்டு பிள்ளைங்க, மாமியார், காலையில அஞ்சு மணிக்கு எழுந்து மூணு டிபன் பாக்ஸ் கட்டற அம்மாகிட்ட, "நீங்க மட்டும் மாவுக் கரைசல் குடிச்சுட்டு, மத்தவங்களுக்கு நெய் ரோஸ்ட் சுட்டுப் போடுங்க"ன்னு ஒரு திட்டம் கொடுக்கறது. நாலு மாசத்துல அது உடைஞ்சா "உங்களுக்கு மனசு இல்ல". திட்டம் போட்டவன் மேல விசாரணையே கிடையாது. அவன் அடுத்த ஊர் பொங்கல் விழாவுக்குப் போயிடறான்.

நான் சொல்றது இதுதான். தினமும் மோட்டிவேஷன் ஊத்தினாத்தான் ஓடும்னா அந்தத் திட்டம் திட்டமே இல்ல. நம்ம ஜனங்க வீட்டுக் கடனை 20 வருஷம் கட்டறாங்களே, மாசாமாசம் அஞ்சாந் தேதி ஊக்கம் பொங்கியா கட்டறாங்க? அக்கவுண்ட்ல இருந்து தானா பிடிச்சுக்கிறோம், அதான். ஆர்.டி.யும் அப்படித்தான். மனசு மாறும்னு தெரிஞ்சுதான், மனசைக் கேக்காம நடக்கற மாதிரி ஏற்பாடு பண்ணி வச்சிருக்கு.

இன்னொண்ணையும் கவனிங்க. ஒரு தவணை தவறினா நாங்க உடனே வாராக்கடன்னு எழுதிடறதில்ல. 30 நாள் வரைக்கும் ஒரு எச்சரிக்கை வகை, 60 வரைக்கும் ஒண்ணு, 90 வரைக்கும் ஒண்ணு. 90 நாள் தாண்டினாத்தான் வாராக்கடன். ரிசர்வ் பேங்கே 90 நாள் டயம் கொடுக்குது. நாம? சனிக்கிழமை கல்யாண விருந்துல ரெண்டு ஜிலேபி சாப்பிட்டுட்டா ஞாயித்துக்கிழமை காலையிலயே "எல்லாம் போச்சு"ன்னு நமக்கு நாமே வாராக்கடன் முத்திரை குத்திக்கிட்டு, மீதி ஜிலேபியையும் காலி பண்றோம். நான் நாலு தடவை தோத்ததும் இந்த 'எல்லாம் போச்சு'னாலதான், ஜிலேபினால இல்ல.

*

சரி, இப்ப எழுதறதுக்குக் கஷ்டமான பகுதி.

"வெட்கப்பட்டாத்தான் குறைப்பாங்க"ன்னு ஒரு நம்பிக்கை நம்ம குடும்பங்கள்ல ஊறிப் போயிருக்கு. லீவுக்கு ஊருக்குப் போனா வாசல்லயே வரவேற்பு, "என்னடா இப்படி ஊதிட்ட?" அதே பெரியம்மா உள்ள போனதும் இன்னும் மூணு தோசையைப் போட்டு, "அங்க என்னத்தச் சாப்பிடுறியோ"ன்னு கண்ணு கலங்குவாங்க. எனக்குப் பழகிடுச்சு, சிரிச்சுட்டுப் போயிடுவேன். 2023 கோடையில போனப்ப என் பொண்ணுக்கு 13 வயசு. போற வீட்டுல எல்லாம் அவளைப் பார்த்து அதே பேச்சு. அவ சிரிக்கல. நான் அதைக் கவனிக்கவும் இல்ல.

திரும்பி வந்ததும் நான் பண்ணின காரியம்தான் இன்னும் மோசம். புது வேகத்துல ஃபிரிட்ஜ் கதவுல ஒரு சார்ட் ஒட்டினேன். குடும்பத்துல எல்லார் பேரும், வாராவாரம் எடையும். யாருக்குக் குறையுதோ அவங்களுக்கு ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். பேங்க்ல பிராஞ்சுக்குப் பிராஞ்சு போட்டி வைக்கிற மாதிரி, நல்லா வேலை செய்யும்னு நினைச்சேன். செஞ்சுச்சு. நாலு வாரமும் நட்சத்திரம் என் பொண்ணுக்குத்தான். ஆகஸ்ட்ல ஒரு நாள் ஸ்கூல்ல இருந்து போன். காலைப் பிரார்த்தனையில மயங்கி விழுந்துட்டான்னு. போய்ப் பார்த்தா, மூணு வாரமா மதிய டிபனைப் பக்கத்துல இருக்கற பிள்ளைக்குக் கொடுத்துட்டு பட்டினி கிடந்திருக்கா. டாக்டர் எடையும் உயரமும் பார்த்துட்டு, "இந்த வயசுக்கு இந்த எடை சரியாத்தானே இருக்கு, யார் குறைக்கச் சொன்னது?"ன்னு கேட்டார். அவ என்னைப் பார்த்தா. "நம்பர் குறைஞ்சாத்தானப்பா ஸ்டார்?" அவ்வளவுதான் சொன்னா.

அன்னிக்கு ராத்திரி அந்தச் சார்ட்டைக் கிழிச்சேன். கோந்து அடையாளம் இன்னும் ஃபிரிட்ஜ் கதவுல இருக்கு. நான் சுரண்டல, இருக்கட்டும்னு விட்டு வச்சிருக்கேன். அவ மறுபடி சகஜமா எங்களோட உட்கார்ந்து சாப்பிட ஏழெட்டு மாசம் ஆச்சு.

அதனால, ஒரு அம்பது வயசு அம்மாவைச் சபையில வச்சு வெட்கப்படுத்தினதுக்குக் கை தட்டினீங்களே, அந்தக் கைத்தட்டலை உங்க வீட்டுப் பிள்ளைங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க.

*

"அப்ப எப்படி இருக்கோமோ அப்படியே இருந்துடலாமா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. கூடாது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல பெண்கள்ல 40.4 சதவீதமும் ஆண்கள்ல 37 சதவீதமும் அதிக எடை. இந்தியா முழுக்க எடுத்தா பெண்கள் 24 சதவீதம்தான். 2023-ல ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோய் இருக்குன்னு சொல்லுது. எங்க அப்பாவுக்கும் இருக்கு, எனக்கும் வாசல் வரைக்கும் வந்து நின்னுச்சு. மூணு மாசச் சராசரி காட்டற ரத்தப் பரிசோதனையில 6.3. இன்னும் 0.2 ஏறினா சர்க்கரை நோயாளி. விளையாட்டு இல்ல.

விளையாட்டு இல்லைங்கறதாலதான் சொல்றேன், மிஷின் காட்டற நம்பரை மட்டும் பார்த்து ஓடாதீங்க. நம்ம சென்னையிலயே டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. சர்க்கரை வர்ற விளிம்புல இருந்த 531 பேர். சும்மா விட்டவங்கள்ல மூணு வருஷத்துல 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துடுச்சு. தினம் அரை மணி வேக நடை, சாப்பாட்டுல கொஞ்சம் கட்டுப்பாடுன்னு இருந்தவங்கள்ல 39 சதவீதம்தான். இதுல வேடிக்கை என்னன்னா, அவங்களுக்குச் சொல்லிக்கிற மாதிரி எடையே குறையல! மிஷின்ல நம்பர் அசையல, ஆனா பலன் கிடைச்சுது. மோட்டிவேஷன் பேச்சாளர் கணக்குல இவங்க எல்லாம் 'தோத்தவங்க'. எப்பேர்ப்பட்ட கணக்கு பாருங்க.

"இப்பத்தான் ஊசி வந்துடுச்சே"ன்னு ஒரு நண்பர் சொன்னார். வந்திருக்கு. 2025 மார்ச்ல மவுஞ்சாரோ, ஜூன்ல வெகோவி இந்தியாவுக்கு வந்துச்சு. டாக்டர் பார்த்துச் சொன்னா போட்டுக்கறதுல ஒரு வெட்கமும் இல்ல. ஆனா வெகோவியில இருக்கற அதே மருந்தை நிறுத்தினவங்களுக்கு, குறைஞ்ச எடையில மூணுல ரெண்டு பங்கு ஒரே வருஷத்துல திரும்பி வந்ததா 2022-ல வந்த ஆய்வு சொல்லுது. ஊசி போட்டா பசி அடங்குது, நிறுத்தினா பசி திரும்புது. அப்ப இத்தனை வருஷமா 'மனசு இல்ல'ன்னு திட்டினோமே, அதுல பாதி பசிதானே?

*

இனி நான் என்ன பண்றேன்னு சொல்லாம போனா நானும் வெறும் பேச்சாளர்தான். 2023 செப்டம்பர்ல இருந்து நாலே நாலு 'ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்'.

ஒண்ணு, எண்ணெய். நாங்க மூணு பேர், மாசம் 5 லிட்டர் செலவாயிட்டிருந்துச்சு. கணக்குப் போட்டா ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம், அதுவே 450 கலோரி! இப்ப மாசம் மூணு லிட்டர்தான் வாங்கறது. தீர்ந்தா அடுத்த ஒண்ணாந் தேதி வரைக்கும் ஆவியில வெந்ததுதான். ஆளுக்கு ஒரு நாளைக்கு 180 கலோரி குறைஞ்சுது, தனிச் சமையல் யாருக்கும் இல்ல. (இதை வச்சு வருஷத்துக்கு எத்தனை கிலோன்னு பெருக்கிப் பார்க்காதீங்க. உடம்பு தனி வட்டிக் கணக்கு இல்ல.)

ரெண்டு, நடை. ரவீந்திர சரோபர்ல காலையில 40 நிமிஷம். ஏரியைச் சுத்திட்டு வெளிய வந்ததும் கச்சோரியும் ஜிலேபியும் சாப்பிடறது இந்த ஊர் வழக்கம். நடந்ததைவிட டபுளா உள்ள போயிடும். அதனால காசே எடுத்துட்டுப் போறதில்ல, போனும் வீட்டுலதான். மழை பேஞ்சா மாடிப்படி.

மூணு, ராத்திரி காய் நறுக்கறது நான். ரங்கமணிகளே, உங்க டயட்டைத் தங்கமணி தலையில கட்டறதை நிறுத்துங்க. நீங்க எடை குறைக்க அவங்க ரெண்டு அடுப்பு எரிக்கணுமா? கத்தியை எடுங்க. வெட்டற கைக்குத்தான் தட்டுல காய் எவ்வளவு இருக்கணும்னு தெரியும்.

நாலு, மாசத்துக்கு ஒரே தடவை எடை, கூட இடுப்புச் சுத்தளவு. ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80, அதுக்குள்ள வரணும். என் டைரியில எனக்கு மட்டும். சார்ட் கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது.

பலன்? 28 மாசத்துல 91-ல இருந்து 83.4. மாசத்துக்கு 270 கிராம். நடுவுல அப்பாவுக்கு உடம்பு முடியாம ஊரோட ஒரு மாசம் இருந்தப்ப மூணு கிலோ ஏறிச்சு. 'எல்லாம் போச்சு'ன்னு எழுதல, தவணை பாக்கின்னு எழுதிட்டுத் தொடர்ந்தேன். ரத்தப் பரிசோதனை இப்ப 5.8. எந்தப் பேச்சாளரும் என் போட்டோவைத் திரையில போடமாட்டார். முன்னாலயும் பின்னாலயும் வித்தியாசம் தெரியாது :-)

இந்த 28 மாசத்துல முக்கால்வாசி நாள் எனக்கு ஒரு ஊக்கமும் இல்ல. அலுப்பாத்தான் இருந்துச்சு. அலுப்போட நடந்தேன், அவ்வளவுதான்.

மார்ச் முடிஞ்சா எனக்கு டிரான்ஸ்பர் வரும். எந்த ஊருன்னு தெரியாது. அங்க ஏரி இருக்குமா, நடக்க ரோடு இருக்குமா, எதுவும் தெரியாது. முன்ன எல்லாம் ஒவ்வொரு டிரான்ஸ்பரும் எனக்கு அஞ்சு கிலோ. ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர் ஞாபகம் வந்தா போறதுக்கு இருக்கற ஒரே இடம் சமையல்கட்டுதானே. இந்தத் தடவை மூட்டை கட்டும்போது ஷூவும் எண்ணெய் அளக்கற கரண்டியும் லாரியில போகாது, கையில இருக்கற பையில வரும். போய் இறங்கின மறுநாள் காலையில ஆரம்பிக்கணும்.

பி.கு: அந்த அம்மா வீடு எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான்னு நேத்துத்தான் தெரிஞ்சுது. தங்கமணி போய்ப் பேசிட்டு வந்தாச்சு. நாளையில இருந்து ரெண்டு பேரும் சேர்ந்து ஏரிக்குப் போறாங்களாம். மோட்டிவேஷன் பத்தி ஏதாவது பேசினீங்களான்னு கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு? அஞ்சே முக்காலுக்கு வாசல்ல நிக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன்"னா.